நாலு நூல் போல்ட்டும் ஜன்னல் வைத்த குழாயும்

புரசைவாக்கத்தில் என் நண்பர் ஒருவரின் தாத்தா வீட்டை இடிக்கக் கொடுத்தபோது, பின்கட்டு ஓட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வெளியே வந்தது. தாத்தா அந்தக் கொட்டகையில்தான் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே கார் பட்டறை நடத்தியிருக்கிறார். காயலான் கடைக்காரர் மூட்டையைத் தராசில் ஏற்றவிருந்த நேரத்தில் நண்பர் எனக்குத் தகவல் சொல்ல, அந்தக் கடைக்காரர் கேட்ட எடைக்கு எடை பணத்தையே கொடுத்து நான் எடுத்து வந்துவிட்டேன். பித்தளை, வெண்கலம், வார்ப்பிரும்பு எனப் பதினெட்டு உருப்படிகள் இருந்தன. எதிலும் காரின் பெயர் இல்லை.

முதல் நாள் எதையும் தேய்க்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்பித் தூரிகையால் ஒருமுறை தேய்த்தால், பட்டறைக்காரர் உளியால் குத்திய அடையாளப் புள்ளியும், வார்ப்பின் மேல் மெலிதாகப் புடைத்திருக்கும் எண்ணும், மூலையில் ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டின் துணுக்கும் ஒன்றாகப் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாக அழுக்கை எடுத்து, சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

சென்னையில் கிடைக்கும் பழைய பாகங்களை இனங்காண்பதில் தனிச் சிக்கல் உண்டு. 1903-இல் சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் மதராஸிலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார் என்றாலும், அதன் பிறகு இங்கு ஓடிய கார்களில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவையே. இங்கிலாந்துக் கார் வந்தது, பிரெஞ்சுக் கார் வந்தது, 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி-யும் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு அந்த ஃபோர்டை அனுப்பியது கனடாத் தொழிற்சாலை; ஆகவே பிரிட்டிஷ் கொடியின் கீழ் வந்திறங்கிய வண்டிக்குள் அமெரிக்க அளவுகள் இருந்தன. ஒரே பட்டறையின் ஒரே டப்பாவில் மூன்று தேசத்து நட்டுகள் கலந்துகிடப்பதில் வியப்பில்லை.

அதனால்தான் நான் எந்தப் பாகத்தை எடுத்தாலும் முதலில் அதன் மரையை, அதாவது திருகு வரிகளை, படிக்கிறேன். பெயர்ப் பலகை கழன்று போகலாம், ஒரு வண்டியின் கார்புரேட்டர் இன்னொரு வண்டிக்கு மாறலாம்; ஆனால் வார்ப்பில் வெட்டிய மரை எந்த நாட்டு லேத்தில் வெட்டப்பட்டது என்பதை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. நம் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்கிறோம். அரை அங்குல போல்ட் நாலு நூல் போல்ட். விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவுமுறையின் நாலு நூல் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அதன் கோணம் 55 பாகை. அமெரிக்கக் கரட்டு மரையில் அதே நாலு நூலுக்கு 13 மரை, கோணம் 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நட்டைத் திருகினால் ஒன்றிரண்டு சுற்று சாதுவாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். இறுகும் இடத்தில் நிறுத்துபவருக்கு ஒரு சேதி கிடைக்கிறது. நீளமான ஸ்பேனரை மாட்டி அழுத்துபவருக்கு மரை வழுக்கிய வார்ப்பு கிடைக்கிறது. என் இருபத்தாறாம் வயதில், வேறு எங்கும் கிடைக்காத வெண்கல பம்பு உறை ஒன்றில் ஒரு லேத் பட்டறையில் உள்மரை வெட்டும் டேப்பைத் தவறான அளவில் ஓட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

இந்த மூட்டையில் மரையே முழு விடையையும் சொன்ன ஓர் உருப்படி இருந்தது. நான்கு போல்ட்டுகளோடு கூடிய ஒரு சிறிய அலுமினிய மூடி. போல்ட்டின் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் எந்த அங்குல நட்டும் ஏற மறுத்தது. வெர்னியரில் விட்டம் 8 மில்லிமீட்டர், மரை அளக்கும் திரெட் கேஜில் மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. நட்டின் இடைவெளி 1.25 என்பதால் அதுவும் சேராது. ஆங்கிலத் தலை, பிரெஞ்சு உடல் என்ற இந்த விசித்திரம் மோரிஸ் எஞ்சின்களுக்கே உரியது. பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹாட்ச்கிஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை அமைத்தது. போருக்குப் பின் அங்கே மோரிஸ் கார்களுக்கான எஞ்சின்கள் தயாராயின. இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை, வாங்குபவரின் கையிலோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை மாற்றாமல் தலையை மட்டும் மாற்றினார்கள். 1923-இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிய பின்னும் இந்த வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. அந்த நான்கு போல்ட்டுகளைக் காகிதத்தில் சுற்றி வைக்கும்போது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறியை உண்டாக்கும் மேக்னட்டோ வேறு விதமான பாடம். அதில் போஷ் என்ற பெயரும் டி.யூ.4 என்ற குறியும் தெளிவாகவே இருந்தன. பெயர் கிடைத்ததும் தேடல் முடிந்தது என்று எண்ணக்கூடாது. போஷ் மேக்னட்டோ அந்நாளில் பல நாட்டுக் கார்களில் உட்கார்ந்திருந்தது. குறியின் கடைசி எண் சிலிண்டர் எண்ணிக்கையைக் காட்டுகிறது. அதைக் கையாலும் சரிபார்க்கலாம். மேக்னட்டோவுக்குள் சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சர் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி தரும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு, அதன் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றில் இரண்டு பொறி தேவை. எனவே மேக்னட்டோ கிராங்க்கின் வேகத்திலேயே சுழல்கிறது, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கீட்டுச் சக்கரம் அதில் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் மேக்னட்டோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட வேண்டும், பங்கீட்டுச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆர்மேச்சர் மூன்று சுற்று சுற்றும். என்னுடையதில் இரண்டு சுற்றுதான். வட்டத்துக்குள் ஆர்மேச்சர் வடிவம் கொண்ட போஷ் முத்திரையை அந்நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட் 1918-இல்தான் வரைந்தார். அது இந்த மேக்னட்டோவின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதால் இதை அதற்கு முந்தையதாகக் கருதி வைத்திருக்கிறேன்.

மேலே மூன்று குழாய் இணைப்புகளும் உள்ளே ஒரு மிதவையும் கொண்ட தகர உருளை, எஞ்சினின் உறிஞ்சலால் பின்பக்கத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு மேலிருந்து விடும் வெற்றிடத் தொட்டி. இங்கிலாந்தில் ஆட்டோவாக், அமெரிக்காவில் ஸ்டூவர்ட் என்ற பெயர்களில் விற்றது.

என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது ஒரு வார்ப்பிரும்புக் குழாய். சுவர் மெல்லியது, இரு முனையும் திறந்தது, மேற்பகுதியில் அகலமான நீள்சதுரத் திறப்புகள், அடிமுனையில் துளையிட்ட ஒரு காது. தண்ணீர் பம்பின் உறை என்று முதலில் குறித்துவைத்தேன். ஒரு சனிக்கிழமை அதைத் துணியில் சுற்றிப் புதுப்பேட்டைக்கு எடுத்துப்போய், எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு பாயிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்புறத்தை விரலால் தடவினார். “சார், லைனர்ல யாராச்சும் ஜன்னல் வெப்பாங்களா? இது நிக்குற சாமான் இல்ல, மேல கீழ ஓடுற சாமான். வெளிப்பக்கமும் தேஞ்சிருக்கு பாருங்க” என்றார். லைனர் என்பது சிலிண்டருக்குள் அசையாமல் நிற்கும் உட்குழாய்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. உள்ளே பிஸ்டன் தேய்த்த பளபளப்பு, வெளியே வேறொரு குழாய் தேய்த்த பளபளப்பு. சார்ல்ஸ் யேல் நைட் என்ற அமெரிக்கர் வகுத்த உறை வால்வு எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறைகள் ஏறி இறங்கும். அவற்றின் திறப்புகள் நேர்ப்படும் போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும். கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழலும் ஒரு தண்டிலிருந்து சின்னஞ்சிறு கனெக்டிங் ராடுகள் அந்தக் காதுகளைப் பிடித்து இயக்கும். வால்வின் தட்டல் சத்தம் இல்லாததால் அதன் அமைதி புகழ்பெற்றது. உறைகளுக்கு இடையே எரியும் எண்ணெயால் நீலப் புகையும் கூடவே வந்தது. நான் வைத்திருப்பது உள் உறை.

இங்கிலாந்தின் டெய்ம்லர், பெல்ஜியத்தின் மினர்வா, அமெரிக்காவின் வில்லிஸ் மூன்றும் நைட் முறையில் எஞ்சின் செய்தவை. உறையின் உள்விட்டம், தேய்மானத்தைக் கழித்தால், 90 மில்லிமீட்டர். அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி இரண்டரையால் வகுக்கும் பழைய ஆங்கிலேயக் கணக்கின்படி, ஆறு சிலிண்டருக்கு 30 குதிரைத்திறனுக்குச் சற்று மேலே வருகிறது. டெய்ம்லர் 30-க்கு அது பொருந்தியது; ஆனால் கணக்கு மட்டும் சாட்சியாகாது என்று நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, தாத்தாவின் புகைப்படங்கள் ஏதேனும் மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டேன்.

மறுநாள் மாலை ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்தார். பட்டறை வாசலில் வேட்டியும் கோட்டுமாகத் தாத்தா நிற்கிறார், பக்கத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் நீண்ட கார். பூதக்கண்ணாடியை வைத்தேன். ரேடியேட்டரின் மேல்விளிம்பு முழுவதும், டெய்ம்லருக்கே உரிய வரிவரியான மடிப்புகள். உறைக்கு எண்ணெய் பூசி மெழுகுத் துணியில் சுற்றி, அந்தப் படத்தின் நகலோடு நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.