ஃபேன் சுற்றுகிறது, முள் மட்டும் இறங்கவில்லை

அம்மாவுக்கு மாதம் ஒரு முறை கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் பரிசோதனை. செத்தாபாக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஜாலான் பகாங் வழியாகப் போனால் தூரம் அதிகமில்லை. ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்தச் சாலையில் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். அப்படி ஜாமில் நின்றிருந்த ஒரு காலையில்தான் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று மேலேறியது. பானெட் ஓரத்திலிருந்து ஆவி வந்தது. ஏர்கோனை அணைத்து, ஓரங்கட்டி, அம்மாவை வேறு காரில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.

அன்றைக்குக் காரணம் எளிதாகத் தெரிந்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. மோட்டார் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் ஹாஃப் கட் (பழைய காரிலிருந்து கழற்றிய) மோட்டார் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஃபேன் நன்றாகச் சுற்றியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்து, பள்ளிக்கூட வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது முள் மறுபடியும் ஏறியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஃபேன் இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. காரின் முன்னால் நின்றவனுக்கு முழங்காலில் அனல் அடித்தது. கொதித்துப்போன எஞ்சின், அனல் அடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். இந்த அனலைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஆறு வாரம். முதலில், சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், 120 வெள்ளி. சரியாகவில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்று புதிதாகப் போட்டார்கள்; 380 வெள்ளி. அதுவும் சரியாகவில்லை. கடைசியில், “ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, எஞ்சினைத் திறக்கணும், 2,500 வெள்ளி வரும்” என்றார்கள். எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்க வைத்திருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ரிசர்வ் தொட்டியில் குமிழி வருவதைக் காட்டினார்கள். கொதிக்கும் தண்ணீரில் குமிழி வரத்தானே செய்யும் என்று எனக்குத் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் 35 வெள்ளிக்கு ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட்டின் சூடு எத்தனை டிகிரி என்று கைப்பேசியில் வரும். டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம் என்பது நான் அப்போது கற்றுக்கொண்டது. பல கார்களில் அந்த முள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால், சூடு பத்துப் பதினைந்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அசையாதபடிதான் அமைத்திருப்பார்கள். அது அசைந்து நம் கண்ணில் படும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும்.

ஞாயிறு அதிகாலை, எஞ்சின் ஆறியிருந்தபோது தொடங்கினேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. 0.9 பார் அழுத்த மூடி போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். நூறைத் தாண்டிய தண்ணீர் மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகிக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். திறந்து பார்த்தால் நிறமே இல்லாத வெறும் குழாய்த் தண்ணீர். பனி உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று மூடினேன்.

எஞ்சினை ஓடவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 80-ஐத் தாண்டியதும் அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் குழாய் சட்டென்று சுட்டது. தெர்மோஸ்டாட் திறக்கிறது. 97-இல் ஃபேன் ஓடத் தொடங்கியது. அப்படியென்றால் சென்சார், ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, பியூஸ் மூன்றும் சரி. (ஃபேன் ஓடவே இல்லையென்றால் ஹாரன் ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பல கார்களில் இரண்டும் ஒரே வகை.) ஃபேன் ஓடினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடு 92 பக்கம் இறங்கி, ஃபேன் தானாக நிற்க வேண்டும். இங்கே 98, 99, 101. ஃபேன் நிற்கவில்லை. 104 வந்ததும் எஞ்சினை அணைத்தேன். அலுமினிய ஹெட் கொண்ட எஞ்சின் இது. அதிகச் சூட்டில் ஓடவிட்டால் ஹெட் வளைந்து, இல்லாத கேஸ்கெட் கோளாறு உண்மையிலேயே வந்துவிடும்.

அணைப்பதற்கு முன்னால், நண்பரிடம் இரவல் வாங்கிய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் குழாய்களை அளந்திருந்தேன். மேலே 97, கீழே 93. கீழ்க் குழாய் குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். இங்கே தண்ணீர் ஓடுகிறது. ஆனால் ரேடியேட்டருக்குள் சூடாகப் போய்ச் சூடாகவே வெளியே வருகிறது.

மதியம் ஏர்கோன் இல்லாமல் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏற்றிப் பார்த்தேன். மேடு முழுவதும் எஞ்சின் முக்கி முனகி ஏறியது, ஆனால் சூடு 95-ஐத் தாண்டவில்லை. எனக்கு உண்மையில் நம்பிக்கை வந்தது அங்கேதான். அவ்வளவு பாரத்தில் தாங்குகிற வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் நிற்கும்போது மட்டும் எப்படிக் கைவிடும்? ஓடும்போது இருந்து, நிற்கும்போது இல்லாமல் போவது ஒன்றே ஒன்று. காற்று.

ஆனால் ஃபேன்தான் சுற்றுகிறதே! இந்த இடத்தில் நானும் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் செந்தூலில் அலுவலக நண்பர் சொன்ன ஒரு ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். நான் எழுதி வைத்திருந்த எண்களைப் பொறுமையாகக் கேட்டார். “கேஸ்கெட்டை முதல்ல பார்த்துடுவோம் தம்பி, உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்” என்று, ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அதற்குள் நீல மருந்தை ஊற்றினார். எஞ்சினின் புகை கூலண்ட்டுக்குள் கசிந்தால் அந்த நீலம் மஞ்சளாகிவிடும். அந்தக் குழாயின் ரப்பர் பம்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“ஃபேன் மாத்தினப்புறம்தானே இப்படி?”

“இல்லண்ணே, அதுக்கு முன்னாலயும் சூடாச்சு. அப்போ ஃபேன் சுத்தல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தார். மேசையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்துக் காரின் முன் கிரில்லில் வைத்தார். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேன் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுப்பதற்காக இருப்பது. தாள் அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு எங்கள் பக்கமாகப் பறந்தது.

ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்து வெப்பக் காற்றை எடுத்து ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. என் முழங்காலில் ஆறு வாரத்துக்கு முன்னால் அடித்தது அந்தக் காற்றுதான்.

ஹாஃப் கட் மோட்டாரின் பிளக் என் காருக்குப் பொருந்தாததால், வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். பாசிட்டிவ் வயரும் நெகட்டிவ் வயரும் மாறிவிட்டன. டிசி மோட்டார் என்பதால் மின்சாரம் திரும்பினால் சுற்றும் திசையும் திரும்பும். சத்தமும் வேகமும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய கோளாறு போன அதே நாளில் புதிய கோளாறு வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் உட்பட எல்லோரும் “ஃபேன் சுற்றுகிறதா” என்று கேட்டோம். காற்று உள்ளே போகிறதா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வயரை மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சரியான உறை போட்டார். கால் மணி நேர வேலை. புதுத் தாளை வைத்தார், பச்சென்று ஒட்டியது. கூலண்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டார். கூலண்ட்டோடு சேர்த்து 90 வெள்ளி வாங்கினார். கூடக் கொடுத்தேன், மறுத்துவிட்டார்.

அங்கேயே ஏர்கோனைப் போட்டு நாற்பது நிமிடம் காரை நிற்கவிட்டேன். 97-க்கு ஏறும், 92-க்கு இறங்கும், மறுபடி ஏறும். அந்த எண் கீழே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு அம்மாவை அதே ஜாலான் பகாங் வழியாகத்தான் கூட்டிப்போனேன். மழை பெய்து அரை மணி நேரம் ஜாம். அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். “ஏர்கோனை அணைச்சிடட்டுமாய்யா?” என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம்மா என்றேன். மருத்துவமனை வளைவு வருவதற்குள் தூங்கிவிட்டார்.