1997 நிதி நெருக்கடி: காரணங்களை அடுக்காமல் விடை எழுதுவது

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரியில் எச்2 (H2) நிலையில் வரலாறு எடுத்திருக்கும் தம்பி தங்கைகள், 1997இல் தாய்லாந்தில் தொடங்கி வட்டார நாணயங்களைச் சரித்த ஆசிய நிதி நெருக்கடிக்கு ஆறேழு காரணங்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: குறுகியகாலக் கடன், டாலரோடு பிணைத்த நாணயம், வலுவற்ற வங்கிகள், வேண்டியவர்களுக்குச் சலுகை, நாணயம் சரியும் எனப் பந்தயம் கட்டும் ஊக வணிகம். எல்லாம் சரிதான். ஆனால், எது அடித்தளம், எது தூண்டுதல், எது பின்னர் மோசமாக்கியது என்று பிரிக்காத விடையில் வாதம் இருக்காது. நான் ஒவ்வொரு காரணத்தையும் ஒரு நாட்டோடும் ஒரு தேதியோடும் சேர்த்தே படித்தேன். தேர்வறையில் கைகொடுத்தது அதுதான்.

தாய்லாந்திலிருந்து தொடங்குங்கள். ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட் (தாய்லாந்து நாணயம்) என்ற நிலை நீடிக்கும் என நம்பி, நிறுவனங்கள் வெளிநாட்டில் குறைந்த வட்டிக்கு டாலர் கடன் வாங்கி நிலத்திலும் கட்டடங்களிலும் கொட்டின. 1996இல் ஏற்றுமதி தேங்கியது. பாட்டைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்து, 1997 ஜூலை 2 அன்று அந்தப் பிணைப்பைக் கைவிட்டது. ஊக வணிகர்கள் தள்ளியது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சுவரை. நாணயங்களை வீழ்த்தியதாக அமெரிக்க முதலீட்டாளர் சோரோஸ் மீது அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் சுமத்திய குற்றச்சாட்டை ஒரு தரப்பின் வாதமாக எழுதி எடைபோடுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இந்தோனேசியாவுக்கு. நெருக்கடிக்கு முன் அங்கே வளர்ச்சி நன்றாகவே இருந்தது. ஒரு டாலர் ஏறத்தாழ 2,400 ருப்பியா. 1997 நவம்பரில் அனைத்துலக நாணய நிதியத்தின் திட்டப்படி 16 வங்கிகள் மூடப்பட்டன. மக்களோ அச்சத்தில் மற்றத் தனியார் வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள். மருந்தே நோயைக் கூட்டியதா என்ற விவாதம் இங்கேதான் எழுகிறது. 1998 மே மாதம் எரிபொருள் விலை ஏறியது, திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஜகார்த்தா எரிந்தது. சீன வம்சாவளியினர் குறிவைத்துத் தாக்கப்பட்டார்கள். கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மே 21 அன்று அதிபர் சுகார்த்தோ பதவி விலகினார். தயவுசெய்து இதை வெறும் தேதிகளாகப் படிக்காதீர்கள். பொருளாதாரச் சரிவு அரசியலைக் குலைத்தது. அரசியல் குலைந்ததால் மேலும் பணம் வெளியேறியது. விளைவே மீண்டும் காரணமாவதைக் காட்டும் பத்தி உங்கள் விடையின் முதுகெலும்பாக இருக்கட்டும்.

மலேசியா நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. 1998 செப்டம்பரில், பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என நிறுத்தியது. அதனால்தான் மீண்டது என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். நிதியத்தின் வழியில் சென்ற தாய்லாந்தும் 1999இல் மீண்டும் வளர்ந்தது.

சிங்கப்பூரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு பெரிது, வங்கிகள் உறுதியானவை, அதனால் அடி குறைவு. ஆனாலும் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் செலுத்தும் சந்தா 1999இல் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. வீட்டில் அப்போது வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். விளைவு என்ற சொல்லுக்கு உயிர் வரும்.

விளைவுகளை 1998உடன் நிறுத்திவிடாதீர்கள். 1997இல் ஜப்பான் முன்மொழிந்த ஆசிய நாணய நிதியம் அமெரிக்காவின் எதிர்ப்பால் கைகூடவில்லை. 2000 மே மாதம் தாய்லாந்தின் சியாங் மாயில் ஆசியானும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும், நெருக்கடியில் ஒன்றுக்கொன்று வெளிநாட்டு நாணயம் தந்து உதவும் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டுக்கு இணங்கின. இவ்விரண்டையும் இணைத்து எழுதினால், வட்டார ஒத்துழைப்பு பற்றிய கேள்விக்கும் அதே பத்தி உதவும்.