மெத்தையைப் பார்க்காதீங்க, தரைப்பலகையைத் தூக்குங்க

பழைய பாய்மரப் படகு வாங்கிக் கடலோட நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பகுதி. ஏலகிரி புங்கனூர் ஏரிப் படகு தன் அகலத்தால் நிற்கிறது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் கவிழும், தானாக நிமிராது. மாதக்கணக்கில் கடலோடும் பாய்மரப் படகோ தலையாட்டி பொம்மை ஜாதி, கனமெல்லாம் அடியில். அந்தக் கனமான அடிப்பகுதியைப் பட்டறையில் கீல் என்பார்கள், பழைய தமிழில் ஏரா. 6 டன் படகென்றால் சுமார் 2.4 டன் ஈயமோ வார்ப்பிரும்போ கீலிலேயே இருக்கும், அதாவது 40 சதவீதம். 30-க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஈயம் துருப்பிடிக்காது, இடமும் குறைவு; விலைதான் உதைக்கும்.

பழைய படகு பார்க்கக் கொச்சிக்குப் போனால் தரைப்பலகையைத் தூக்குங்கள். கீலை இறுக்கும் போல்ட்டும் நட்டும் அங்கே தெரியும். எவர்சில்வர்தானே என்று நம்ப வேண்டாம்: தண்ணீர் தேங்கி, காற்று படாத இடுக்கில் அதுவும் அரிக்கும். பாறையில் மோதிய படகில் கீலின் பின்முனை மேலே குத்தும். அதற்கு நேர்மேலே உள்ள குறுக்குச் சட்டங்களில் மயிரிழை விரிசல் தேடுங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகம்தான்.

கேஸ் சிலிண்டரை நம் வீட்டில் அடுப்படியிலேயே வைக்கிறோம். படகில் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் திறந்த கதவு வழியே வெளியேற வழியுண்டு, படகில் அடித்தட்டில் குளமாகத் தேங்கி, மோட்டாரின் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டருக்கு மேல்தளத்தில் தனிப் பெட்டி வேண்டும். அதன் அடியிலிருந்து கடலுக்கு ஒரு குழாயும் வேண்டும். அந்தக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

படகின் அடியில் கடல்நீர் வந்துபோகும் ஓட்டைகளை மூடும் வால்வு வெண்கலமா என்று பாருங்கள். பித்தளையென்றால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்பாகி, தட்டினால் உதிரும். வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க, ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்த ஓட்டைக்கு ஏற்ற மர ஆப்பு கட்டித் தொங்க வேண்டும்.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு பேர், ஆளுக்குத் தினம் 4 லிட்டர், 320 லிட்டர் என்றால் 40 நாள். ஆனால் ஒரே தொட்டி வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். மின்பம்பு தண்ணீரை வீணாக்கும், கால்பம்பு போதும். பாத்திரம் கழுவக் கடல்நீர்.

சுக்கான் சக்கரத்துக்குத் தோல் உறை போட ஆம்பூர்த் தோலே கிடைக்கும். லேசாக நனைத்து, பாலியெஸ்டர் நூலால் தையுங்கள். காய்ந்ததும் இறுகிப் பிடிக்கும். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும்.