சிமிலன் டைவ்: ஒரு கையெழுத்துக்காகப் போன நாள்

சிமிலன் தீவுகளுக்குப் போய்வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் ஆதங்கம் தீரவில்லை. தாய்லாந்தின் இந்தத் தேசியப் பூங்கா அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்திருக்கும். அதனால் பிப்ரவரியில் இரண்டு நாள் ஸ்கூபா டைவுக்கு (காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது) கரையிலுள்ள காவோ லாக் ஊரில் ஒரு டைவ் நிறுவனத்திடம் பதிவு செய்திருந்தேன். ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவ் பயிற்சிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பணம் எல்லாம் முன்கூட்டியே அனுப்பியாயிற்று. மருத்துவப் படிவம் என்று ஒன்று இருப்பதாக யாரும் மூச்சுவிடவில்லை.

டைவுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அளவு பார்க்கப் போனபோதுதான் அதை நீட்டினார்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கடைசிக் கேள்வி. தினமும் இரத்த அழுத்த மாத்திரை போடுகிறேன், ‘ஆம்’ என்று குறித்தேன். மருத்துவர் கையெழுத்து இல்லாமல் படகில் ஏற்ற முடியாதாம். சரி, விதி நியாயமானதுதான். ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாமே! பக்கத்தில் நின்றவர் ‘இல்லை’ என்று மாற்றிக் குறிக்கச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நீருக்கடியில் மயக்கம் வந்தால், கூட வரும் டைவ் மாஸ்டருக்கு உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது.

முதலில் போன கிளினிக்கில் டைவிங்குக்கெல்லாம் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். மறுநாள் காலை வேறொரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் தாப் லாமு துறையிலிருந்து படகு போய்விட்டது. அன்றைய பணமும் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் எந்தச் சிக்கலும் இல்லை. ஓய்வுக்கென்று வைத்திருந்த மூன்றாம் நாளுக்குப் புதிதாகப் பணம் கட்டி மறுபடி இறங்கினேன். தீவுகளின் கிழக்கே பவளச் சரிவுகள், மேற்கே வீடளவு கிரானைட் பாறைகள். அவற்றின் இடுக்குகளுக்குள் நீந்திப் போகும்போதுதான் மனசு ஆறியது. சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் இல்லாததாகப் பாருங்கள். இவை பவளத்தைக் கெடுப்பதால் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் தடை இருக்கிறது.

ஆனால் மூன்றாம் நாள் இறங்கியதில் இன்னொரு சிக்கல் வந்தது. பல முறை டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. நான் கடைசியாக மேலே வந்தது பிற்பகல் மூன்று மணி, விமானம் மறுநாள் காலை ஏழுக்கு. கூடுதல் கட்டணம் கட்டி மாலை விமானத்துக்கு மாற்றினேன். அந்த மருத்துவப் படிவத்தை இணையத்திலேயே எடுக்கலாம். ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.