நொச்சிப் பூவும் ஒன்றரை வயது ஊசியும்

பாப்பாவுக்கு முத்தடுப்பு பூஸ்டர் (கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்த ஊசியின் அடுத்த தவணை) போட்ட ராத்திரி லேசான காய்ச்சல். "நோய் வராம இருக்கத்தானே ஊசி, அப்புறம் எதுக்குக் காய்ச்சல்?" என்றார் எங்கள் தாராவி பக்கத்து வீட்டு அக்கா.

பழந்தமிழ்ப் போரில் கோட்டையை முற்றுகையிடுபவன் உழிஞைப் பூ சூடுவான், காப்பவன் நொச்சிப் பூ. காவற்காடு, அகழி, மதில் எல்லாம் இருந்தாலும் வருகிறவன் யாரென்றே தெரியாவிட்டால் நொச்சிக்காரன் பாடு திண்டாட்டம்தான். உடம்பும் அப்படித்தான், புதுக் கிருமியை அடையாளம் கண்டு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கிற புரதம்) திரட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் மதில் இடிந்துவிடலாம். ஊசியில் வருவது ஆயுதம் பிடுங்கப்பட்ட பகைவன்: கக்குவானுக்குச் செத்த கிருமி, தொண்டை அடைப்பானுக்கு வீரியம் முறித்த நச்சு. அதை வைத்துப் படை பயிற்சி எடுக்கிற சூடுதான் காய்ச்சல். (வராத குழந்தைக்கும் படை தயாராகும், பயம் வேண்டாம்.)

மும்பைக்கு இது புதிதில்லை. இந்தியாவில் முதன்முதலாகப் பெரியம்மைத் தடுப்பூசி குத்தியது இங்கேதான், 1802இல், மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு. 1897 ஜனவரியில் கிருமி ஆய்வாளர் ஹாஃப்கின் தன் பிளேக் ஊசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார், தளபதி என்றால் அவர்!

தட்டம்மை கிருமி கொடியை மாற்றாது, அதனால் இரண்டு ஊசியோடு சரி. ஃப்ளூ வருஷா வருஷம் வேஷம் மாற்றுகிற பயல், அவனுக்கு வருஷா வருஷம் ஊசி.