மூஸ் வேட்டைக் காலத்தில் காட்டு விடுதிக் குசினியில்

வேட்டை விடுதியில் வேலை செய்தேன் என்றால், "துவக்குச் சுடத் தெரியுமோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தெரியாது, தேவையும் இல்லை. நான் போனது குசினி உதவிக்கு.

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் கோடை முழுக்க மீன்பிடிக்க வருபவர்களைக் கவனிப்பது பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். செப்டம்பரில் அவர்கள் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். மூஸ் என்ற பெரிய மானின் வேட்டை அப்போதுதான் தொடங்கும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் விடுதிக்காரர் ஆள் கிடைக்காமல் தவிப்பார். ஸ்காபரோ உணவகமொன்றில் வேலை செய்த அனுபவமும் உணவுக் கையாளல் சான்றிதழும் எனக்குப் போதுமாக இருந்தன.

போனில் கதைக்கும்போது சம்பளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விமானச் செலவு யாருடையது, அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு கழிப்பார்கள், ஓவர்டைம் எத்தனை மணியிலிருந்து என்பதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒன்ராறியோவில் சாதாரணமாக வாரத்தில் 44 மணி தாண்டினால் ஓவர்டைம். ஆனால் அறையும் சாப்பாடும் தந்து, ஆண்டில் 24 வாரத்துக்கு மேற்படாமல் வேலைக்கு வைத்திருக்கும் விடுதி என்றால் 50 மணி தாண்ட வேண்டும். இதை முன்பே வாசித்திருந்ததால் முதல் காசோலையைப் பார்த்து நான் திகைக்கவில்லை. கூட வந்த பெடியன் நன்றாகவே திகைத்தான்.

ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் ஹேர்ஸ்ட். பிரெஞ்சு பேசும் மரத்தொழில் ஊர். அங்கிருந்து விடுதிக்கு ரோட்டுக் கிடையாது, ஏரியில் இறங்கும் பீவர் விமானம்தான். 1947இல் முதலில் பறந்த ரகம். ரொறன்ரோ டவுன்ஸ்வியூவில் செய்தவை இன்னும் பறக்கின்றன! பையோடு ஆளையும் தராசில் ஏற்றுவார்கள். வால்பக்கம் திணிக்கத் துணிப்பைதான் வசதி, சூட்கேஸைப் பார்த்தாலே விமானி முகம் சுளிப்பார். மூடுபனி என்றால் பறப்பு இல்லை, துறையிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம். அதற்குள் வேட்டைக்காரர் படகில் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு முன் முட்டையும் பேக்கனும் கோப்பியும், அதற்கும் முன் நான். நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும். இரவு பாத்திரம் கழுவி முடிய ஒன்பது தாண்டிவிடும். நடுவில் மத்தியானம் கிடைக்கும் தூக்கத்தை விட்டால் தொலைந்தீர்கள்.

ஆண் மூஸ் 500 கிலோவுக்குக் கிட்ட வரும். விழுந்த இடத்திலேயே வெட்டிப் படகில் ஏற்றி வந்து, பருத்தித் துணிப் பை போட்டுக் கொட்டிலில் தொங்கவிடுவார்கள். ஒரு பின்னங்காலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மேற்பரப்பு காய்ந்து கறுத்து, தட்டினால் தோல்போல இருந்தால் இறைச்சி தப்பிவிட்டது என்று வழிகாட்டி விரலால் தட்டிக் காட்டினார். பகல் வெயில் சூடாக அடித்தால் எல்லோர் முகமும் வாடிவிடும். மிச்சம் போட்ட வாளியை இரவில் வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும். பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பை வேட்டைக்காரர் போட வேண்டும் என்பதுதான் சட்டம். நான் என் பயத்துக்கு, வெளிக் கழிப்பறைக்குப் போகவும் போட்டேன்.

அக்டோபரில் ஏரித் தண்ணீர் வரும் குழாய் உறையத் தொடங்கியது. கடைசி வேலை, விடுதியை மூடுவது. குழாய்களை வடித்து, தொட்டிகளின் வளைகுழாயில் உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, கதவடியில் ஆணி மேல்நோக்கி நிற்கும் பலகைகளைப் போட்டோம். அதுவும் கரடிக்குத்தான்.

அப்புறம் ஆர்ஓஈ, அதாவது வேலை முடிந்ததும் முதலாளி தரும் வேலைப் பதிவு. வேலைக் காப்புறுதிப் பணத்தைக் கணக்கிட அந்தப் பதிவு வேண்டும். விடுதிக்காரர்கள் சீசன் முடிந்ததும் எங்கோ போய்விடுவார்கள். எப்போது அனுப்புவீர்கள் என்று விமானம் ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு அது நத்தாருக்குக் கிட்டத்தான் வந்தது, அதுவும் பலமுறை போன் எடுத்த பிறகு.