மலை மேல இருந்தா பிள்ளை உயரமா வளராதா?

போன தீபாவளிக்கு கோயம்புத்தூர்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். என் பொண்ணையும் அக்கா பொண்ணையும் முதுகோட முதுகு ஒட்டி நிக்க வச்சுப் பார்த்துட்டு பெரியம்மா சொன்னாங்க, "ஏங்கண்ணு, ரெண்டுக்கும் எட்டு வயசுதான, இவ மட்டும் ஏன் இப்படிக் கட்டையா இருக்கா, எல்லாம் அந்த ஊட்டிக் குளிர்தான், மாப்பிள்ளைய கீழ மாத்தல் வாங்கச் சொல்லு." பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நான் மாசமா இருந்தது ஊட்டில, அவ வளர்றதும் ஊட்டில, அப்ப பிள்ளையோட வளர்த்திய நான்தான் கெடுத்துட்டேனான்னு ஒரே யோசனை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சமையல்கட்டு கதவு நிலைல இருக்கற பென்சில் கோடு எல்லாத்தையும் டேப் வச்சு அளந்தேன். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் குதிகால் சுவத்துல ஒட்ட நிக்க வச்சு, தலைல நோட்டு ஒன்ன சமமா வச்சு அழுத்தி கோடு போடுவேன், அதுவும் காலைலயே போட்டுருவேன், ஏன்னா நாள் பூரா நடந்து ஓடி முதுகெலும்பு அமுங்கி சாயங்காலம் அளந்தா அரை சென்டிமீட்டருக்கு மேலயே குறையும். ஆறாவது கோடு 108.5, ஏழாவது 114, எட்டாவது 119. ஊசி போடப் போற இடத்துல ஒரு நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன், "மலைப் பிள்ளைங்க இப்படித்தான் இருக்கும், விடுங்க"ன்னாங்க. பெரியம்மா மலைய திட்டினாங்க, இவங்க மலைய சொல்லி என்னைத் தேத்தினாங்க, ரெண்டு பேருக்கும் காரணம் ஒன்னுதான். அது நிஜந்தானான்னு தெரிஞ்சுக்காம எனக்கு இருக்க முடியல, மூணு மாசமா பிள்ளை தூங்கினப்புறம் உக்காந்து படிச்சேன்.

இந்த விஷயத்தப் படிக்க ஆரம்பிச்சா எல்லாரும் கொண்டு போய் நிறுத்தற ஊரு ஒன்னு இருக்கு, பெரு நாட்டுல ஆண்டிஸ் மலைல நுன்யோவா. 4,000 மீட்டர் உயரம், ஆடு மாடு அல்பாகா மேய்க்கறவங்க இன்னும் மேல போய் இருக்காங்க. நம்ம ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 தான், பாத்துக்கோங்க. கடல் மட்டத்துல ஒரு மூச்சுக்குக் கிடைக்கற ஆக்சிஜன்ல ஊட்டில முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும், நுன்யோவால 60 சதவீதம் போலத்தான். 1960-கள்ல பால் பேக்கர்ங்கற அமெரிக்க மானுடவியலாளரோட குழு அங்க போய், அங்க பூர்வீகமா இருக்கற கெச்சுவா ஜனங்களோட பிள்ளைங்கள அளந்துச்சு, ராபர்ட்டோ ஃப்ரிசாஞ்சோவும் அவரும் சேர்ந்து 1970-ல எழுதின கட்டுரைதான் இன்னைக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டறது.

அவங்க பார்த்தது என்னன்னா அந்தப் பிள்ளைங்க வளர்றது மெதுவா, ஆனா ரொம்ப காலத்துக்கு. சமவெளில பொண்ணுங்க 11, 12 வயசு வாக்குல மளமளன்னு வளருவாங்க, வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர்கூட ஏறும், பையன்களுக்கு அது ரெண்டு வருஷம் கழிச்சு வரும், இன்னும் வேகமா. நுன்யோவால அந்த வேகம் லேட்டா வந்துச்சு, வந்தும் பெருசா தெரியல, ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் உடம்புல வித்தியாசம் தெரியறதும் லேட்டு, ஆனா 20, 22 வயசு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துட்டே இருந்தாங்க. உயரமான மலைகள்ல பொண்ணுங்க வயசுக்கு வர்றதும் தள்ளிப் போகுதுன்னு வேற பல இடத்துலயும் பார்த்திருக்காங்க. ஒன்னே ஒன்னு மட்டும் தாமதிக்கல, நெஞ்சுக்கூடு. உயரம் பின்தங்கி இருக்கறப்பவே நெஞ்சு மட்டும் அகலமா ஆழமா வளர்ந்துச்சு, இருக்கற காத்த முழுசா இழுக்கணும்ல. அப்புறம் 2012-ல பெருவுலயே மலைப் பிள்ளைங்களையும் கடலோரத் தலைநகர் லிமா பிள்ளைங்களையும் கை கால் துண்டு துண்டா அளந்து பார்த்ததுல, முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பும் முன்கையும்தான் அதிகமா குட்டையாயிருக்கு, உள்ளங்கையும் பாதமும் அவ்வளவா குறையல. அதப் படிச்சுட்டு தூங்கிட்டு இருந்த பொண்ணோட காலைப் போய் தொட்டுப் பார்த்தேன்.

இதோட நிறுத்தியிருந்தா பெரியம்மா சொன்னதே சரின்னு முடிச்சிருப்பேன். ஆனா 1960-கள்ல நுன்யோவா எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க, பண்ணைக்காரங்ககிட்ட இருந்த நிலம், உருளைக்கிழங்கும் அத உறைய வச்சுக் காய வச்ச சூன்யோவும்தான் முக்கால்வாசி சாப்பாடு, ஆஸ்பத்திரி எட்டாக்கை. அந்தப் பிள்ளைங்க குட்டையா இருந்ததுக்கு காத்துல ஆக்சிஜன் இல்லாததா காரணம், தட்டுல சோறு இல்லாததா? அதே ஊர்ல 1980-கள்ல மறுபடி அளந்தாங்க, பிள்ளைங்க முன்ன விட உயரமா இருந்தாங்க, வசதியான வீட்டுப் பிள்ளைங்க இன்னும் நல்லா இருந்தாங்க. மலை அதே மலைதான், ஒரு அடி இறங்கல.

அதுக்கப்புறம் 1999 வாக்குல செஞ்ச ஒரு ஒப்பீடு இருக்கு, எனக்கு எல்லாத்தையும் விட மனசுல நின்னது அதுதான். பெருவுலயே, நுன்யோவா மாதிரியே 4,000 மீட்டருக்கு மேல இருக்கற தின்தாயாங்கற செம்புச் சுரங்க ஊரு. கம்பெனி வீடு, நல்ல தண்ணி, ஆஸ்பத்திரி, மாசச் சம்பளம். அந்தப் பிள்ளைங்க நுன்யோவா பிள்ளைங்களை விட நல்லாவே உயரம். சுவாசிக்கற காத்து ரெண்டு ஊருக்கும் ஒன்னுதான்.

எத்தியோப்பியால இன்னும் ஒரு படி மேல, 1972-ல வந்த ஆராய்ச்சில 3,000 மீட்டர்ல இருக்கற டெபார்க் பிள்ளைங்க 1,500 மீட்டர்ல இருக்கற பிள்ளைங்களை விட வளர்த்தில முன்னாடி இருந்தாங்க, கீழ மலேரியா, மேல அது இல்ல. திபெத்துல 2,078 பிள்ளைங்கள அளந்து 2001-ல வந்த ஆராய்ச்சில பாதிக்கு மேல வயசுக்கேத்த உயரம் இல்ல, ஆனா அதுல நிறைய பேருக்கு எலும்பு வளையற ரிக்கெட்ஸ் அறிகுறியும் இருந்துச்சு, அத மலை மேல பழி போட்டு ஒதுக்க முடியாது, சத்துக் குறைவுதான்னு அந்த டாக்டர்களே எழுதியிருக்காங்க.

அதுக்காக மலைக்குப் பங்கே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன். 2020-ல வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, 59 நாடு, ஒம்பதரை லட்சத்துக்கு மேல அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைங்க. நல்ல வீடு, படிச்ச அம்மா, கழிப்பறை, தடுப்பூசின்னு எல்லாம் இருக்கற பிள்ளைங்கள மட்டும் தனியா எடுத்தும், உயரம் ஏற ஏற வளர்த்தி கொஞ்சம் குறையத்தான் செய்யுது. அவங்க சொன்ன அளவ சென்டிமீட்டருக்கு நானே மாத்திப் பார்த்தேன், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு 1,000 மீட்டருக்கு முக்கால் சென்டிமீட்டர் போல வருது, ஊட்டிக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல. நம்ம நாட்டுலயும் 2015-16 குடும்ப நல சர்வேய வச்சு 2024-ல பார்த்தாங்க, 2,000 மீட்டருக்கு மேல இருக்கற பிள்ளைங்களுக்கு 1,000 மீட்டருக்குக் கீழ இருக்கறவங்கள விட வளர்ச்சி குன்ற வாய்ப்பு 40 சதவீதம் அதிகம்.

அந்த ஒன்றரை சென்டிமீட்டர்ல பாதி வயித்துலயே ஆரம்பிச்சிருக்குமோன்னு எனக்குத் தோணுது. அமெரிக்கால கொலராடோ மலைப் பிரசவங்கள வச்சு லோர்னா மூர்ங்கறவங்க பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 1,000 மீட்டர் ஏறினா பிறக்கற பிள்ளையோட எடை சராசரியா 100 கிராம் குறையுது, மாசமா இருக்கறப்ப கர்ப்பப்பைக்குப் போற ரத்தம் சமவெளில அதிகமாகற அளவுக்கு மலைல அதிகமாகறதில்ல. ஆனா திபெத்திய பொம்பளைங்களுக்கு இந்தக் குறைவு ரொம்பக் கம்மி, ஆயிரக்கணக்கான வருஷமா அங்கயே இருந்து உடம்பு பழகிப் போச்சு. நான் கீழ இருந்து கல்யாணமாகி வந்தவ. என் பொண்ணு 2.6 கிலோ. ஊட்டி உயரத்துக்குக் கணக்குப் போட்டா வர்ற அந்த 200 கிராம் எங்க போச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கு, அதுல என் தப்பு எதுவும் இல்லைங்கறதும் சேர்ந்து புரிஞ்சுது, கொஞ்ச நேரம் அழுதேன்.

இன்னொன்னும் சொல்லணும். அங்கன்வாடில மாட்டி வச்சிருக்கற வளர்ச்சி சார்ட்டுக்கு அடிப்படை உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட அளவு. அதுக்கு டெல்லி, ஆஸ்லோ, மஸ்கட்னு ஆறு நாட்டுல பிள்ளைங்கள அளந்தாங்க, 1,500 மீட்டருக்கு மேல இருக்கற பிள்ளைங்கள அதுல சேர்க்கல. ரத்தத்துல ஹீமோகுளோபின் பார்க்கறப்ப மலைக்குன்னு அளவ திருத்திக்கணும்னு அவங்களே சொல்றாங்க, உயரத்துக்கு அப்படி எதுவும் இல்ல. திருத்தாம இருக்கறதுதான் நல்லதுன்னு எனக்கு இப்ப படுது. மலைக்குன்னு தனியா தாழ்வா ஒரு கோடு போட்டுக் குடுத்தா, சரியா சாப்பாடு கிடைக்காத எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையும் அந்தக் கோட்டுக்கு மேல வந்துரும், "இப்படித்தான் இருக்கும், விடுங்க"ன்னு சொல்ல இன்னும் சுலபமாயிரும்.

என் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். பிள்ளைகள் டாக்டர்கிட்ட நோட்டோட போனேன். அவங்க முதல்ல எங்க உயரத்தத்தான் கேட்டாங்க. அவர் 168, நான் 152, அப்பா உயரத்துல 13 கழிச்சு அம்மா உயரத்தோட கூட்டி ரெண்டால வகுத்தா பொண்ணுக்கு 153.5 வருது, அதுக்கு முன்ன பின்ன இருக்கலாம். அக்கா மாமா ரெண்டு பேரும் நெடுநெடுன்னு இருப்பாங்க, அவங்க பொண்ணோட இவள நிக்க வச்சதே சரியில்ல. அப்புறம் கதவு நிலைல இருந்து எழுதிட்டுப் போன கணக்கப் பார்த்தாங்க, ஒரு வருஷம் அஞ்சரை, ஒரு வருஷம் அஞ்சு. இந்த வயசுல வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்ந்தா போதும், ஒரு தடவை அளந்து வர்ற நம்பர விட வருஷா வருஷம் எவ்வளவு ஏறுதுங்கறதுதான் முக்கியம், 4-க்குக் கீழ போனா உடனே வாங்கன்னாங்க. தைராய்டு மட்டும் ஒரு தடவை பார்த்துரலாம்னாங்க, மலைப் பக்கம் அயோடின் குறையற மண்ணு நிறைய இடத்துல உண்டு. பார்த்தோம், நார்மல்.

இப்ப நான் மாத்தினது ஒன்னு ரெண்டுதான். இங்க தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுரும், பருப்பு வேக நேரமாகும், அதனாலயே வாரத்துல பாதி நாள் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்னு ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ராத்திரியே பருப்ப ஊற வச்சுடறேன், ரெண்டு விசில் சேர்த்து விடறேன். தினம் ஒரு முட்டை. வெயில் அடிக்கற நேரத்துல ஸ்வெட்டரக் கழட்டி வச்சுட்டு வாசல்ல விளையாட விடறேன்.

பெரியம்மாகிட்ட போன்ல தின்தாயா கதைய சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அப்ப அந்த நுன்யோவாப் பிள்ளைகளுக்கு இப்பவாச்சும் முட்டை கிடைக்குதா கண்ணு"ன்னு கேட்டாங்க.